ஜோடியாக வந்த சாக்ஸ்

பல்கலைக்கழக விடுதியின் சலவை அறையில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கும் அந்த அம்மாளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையில் அது இருக்கிறது. வேறு எங்கேயும் அதற்கு வேலையில்லை. முதலாமாண்டுப் பிள்ளைகள் முதல் விடுதிக் காப்பாளர் வரை எல்லோருக்கும் அவள் பாக்கெட் அக்கா.

பெயர் சும்மா வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், யாரோ ஒரு புண்ணியவான் சட்டைப் பையில் பேனாவை விட்டுவிட்டான். அது மெஷினுக்குள் வெடித்து, மருத்துவ மாணவர்களின் நாற்பது வெள்ளைக் கோட்டுகள் நீலமாகிவிட்டன. நாற்பது பேரும் வரிசையில் நின்று திட்டினார்கள். அன்று வாங்கிக் கட்டிக்கொண்டது அவளுக்கு ஆயுசுக்கும் போதும். மறுநாளிலிருந்து ஒரு கைக்குட்டை மெஷினுக்குள் போவதானாலும் அதற்குப் பாக்கெட் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் போடுவாள்.

பாக்கெட்டுகளில் என்னென்ன இருக்கும் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். உடைந்த சாவி, பாதி தின்ற பிஸ்கட், யாருக்கும் கொடுக்கப்படாத காதல் கடிதம், ஒரு முறை ஒரு கடைவாய்ப் பல். விலங்கியல் மாணவன் ஒருவனின் பேண்டிலிருந்து உயிரோடு ஓர் ஆமைக்குஞ்சு எட்டிப் பார்த்தது. எதுவானாலும் பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, மேலே துணிக்குரிய எண்ணை எழுதி, துவைத்த துணியின் மேல் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஆமைக்கு மட்டும் பொட்டலத்தில் ஓட்டை போட்டாள்.

பாக்கெட்டில் இருந்தது பாக்கெட்டுக்காரனுக்கு. இதுதான் அவள் சட்டம். எடுக்கமாட்டாள், படிக்கமாட்டாள், கேட்கமாட்டாள். பதினெட்டு வருடத்தில் ஒரு காதல் கடிதத்தைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை என்று அவள் சொன்னபோது அவள் புருஷனே நம்பவில்லை. இரண்டு நாள் கோபத்தில் அவருடைய சட்டைகளை மட்டும் துவைக்காமல் வைத்திருந்தாள்.

அறையின் மறுபாதி இஸ்திரி அண்ணனுடையது. அவளைவிடப் பத்து வயது மூத்தவர். நீளமான மேசை, இரண்டு இஸ்திரிப் பெட்டி, சுவரில் ஒரு வானொலி, அவ்வளவுதான் அவர் ராஜ்யம். ஒரு காலத்தில் பெருங்குடிகாரர். துணைவேந்தரின் கோட்டைத் தான் முதுகுப் பக்கம் மடிப்பு வைத்துத் தேய்த்துவிட, அதோடு துணைவேந்தர் பட்டமளிப்பு விழா மேடையேறிய கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். குடியை விட்டுப் பதினோரு வருடம். குடித்த கதைகள் ஐம்பது இருந்தன அவரிடம். விட்ட கதையை மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. அதுவும் ஒரு பாக்கெட்தானே என்று நினைத்து அக்காவும் கேட்டதில்லை.

இனி ஒற்றைச் சாக்ஸ். கணிதம் இரண்டாமாண்டு, துணி எண் இருநூற்றுப் பன்னிரண்டு, வியாழக்கிழமைக்காரன். அவன் மூட்டையில் சாக்ஸ் எப்போதும் ஐந்து, ஏழு, ஒன்பது என்றுதான் இருக்கும். ஒரு முறையாவது ஜோடி சேர்ந்து வந்தது கிடையாது. மீதி ஒன்று எங்கே என்று அக்கா கேட்டால், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, உலகத்தில் பாதி எண்கள் ஒற்றைப்படைதான் என்று பாடம் நடத்துவான். அவள் விடமாட்டாள். கடைசியில் சரணடைவான்.

"அடுத்த வாரம் கண்டிப்பா கொண்டு வரேன்க்கா."

அடுத்த வாரம் அந்தச் சாக்ஸ் வரும். ஆனால் அதன் ஜோடி அவன் அறையில் எங்கோ தொலைந்திருக்கும். அப்படி அநாதையானவற்றை அக்கா ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள். டப்பா நிரம்பி மூடி நிற்காமல் போனது. இரண்டு கால் உள்ளவனுக்கே இந்தக் கதி, பூரானாய்ப் பிறந்திருந்தால் என்ன பாடு படுத்தியிருப்பானோ என்று அண்ணனிடம் அலுத்துக்கொள்வாள். அலுத்துக்கொள்வதற்காகவே வியாழக்கிழமையை எதிர்பார்ப்பாள் என்பது அண்ணனுக்குத் தெரியும்.

இரண்டாமாண்டின் நடுவில் அவன் பாக்கெட்டுகள் மாறின. முதலில் பாட்டில் மூடிகள். அது அக்காவுக்குப் புதிதில்லை. பரீட்சை முடிந்தால் கும்பலாகப் போய்க் குடித்துவிட்டு வருகிற பிள்ளைகள் நிறைய. ஆனால் இவன் பாக்கெட்டில் பரீட்சை இல்லாத வாரத்திலும் மூடி இருந்தது, திங்கள் கிழமைச் சட்டையிலும் இருந்தது. பிறகு காலி மாத்திரை அட்டைகள் வந்தன. படிக்கும்போது தூக்கம் வராமலிருக்க ஒன்று, பிறகு தூக்கம் வருவதற்கு இன்னொன்று என்று அவனே பிற்பாடு சொன்னான். அப்போது அவளுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் அழகாகப் பொட்டலம் கட்டி, எண் எழுதி, திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு முறை, சட்டத்தை லேசாக வளைத்து, பொட்டலம் இப்போதெல்லாம் கனமாக இருக்கிறதே தம்பி என்றாள். பரீட்சை நெருக்கம் என்று சிரித்துவிட்டுப் போனான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான், அவளும் சோற்றை மட்டும் பார்த்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொள்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவன் வந்தான். படுக்கை விரிப்பில் கட்டிய பெரிய மூட்டை. குளிர்கால மேல்கோட்டு, போர்வை, தலையணை உறை, துண்டு, எல்லாம் அதில் இருந்தது. வாரக்கணக்கில் வீங்கிய கண்ணும் வாராத தலையுமாக வந்தவன் அன்று முகம் மழித்து, தலை சீவி, பளிச்சென்று இருந்தான். பேச்சிலும் ஒரு நிதானம். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிள்ளை தெளிந்துவிட்டான் என்று நினைத்தாள்.

ஊருக்கா தம்பி என்று கேட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு ஆமாம் என்றான். எப்போது வேண்டும் என்றதற்கு அவசரமே இல்லை, நிதானமாகத் துவையுங்கள் என்றான். பிறகு, இத்தனை நாள் தன் துணிகளை நன்றாகப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்றான். பதினெட்டு வருடத்தில் அவளுக்கு நன்றி சொன்ன பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியிலேயே வழக்கமான கேள்வியையும் போட்டாள்.

"சாக்ஸு? மீதி அடுத்த வாரமா?"

"இல்லக்கா. இந்த வாட்டி எல்லாம் சரியா இருக்கும்."

மூட்டையைப் பிரித்தால், உண்மைதான். ஏழு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் சேர்த்து முடிச்சுப் போடப்பட்டிருந்தது. அக்கா போரில் வென்று கொடியைப் பிடித்த தளபதி போல அந்த முடிச்சுகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு அண்ணனிடம் ஓடினாள். ஒன்றரை வருடமாக அவனோடு மல்லுக்கட்டியது வீண்போகவில்லை, நேரில் பாருங்கள் என்றாள்.

அண்ணன் பார்த்தார். பெட்டியை நிமிர்த்தி வைத்தார். எங்கே போகிறானாம் என்று மட்டும் கேட்டார்.

ஊருக்கு என்று சொல்ல வாயெடுத்தவள், பாதியில் நிறுத்தினாள்.

விடுமுறைக்கு முந்தைய வாரம் அந்தச் சலவை அறை எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஆறு மெஷினும் வாயைப் பிளந்தபடி சும்மா நிற்கும். உலகத்தில் எந்தப் பிள்ளையும் துணியைத் துவைத்துக்கொண்டு ஊருக்குப் போவதில்லை. அழுக்கை அப்படியே அமுக்கிப் பையில் திணித்து, அம்மாவின் தலையில் கொண்டுபோய்க் கொட்டத்தான் போகிறார்கள். போர்வையையும் தலையணை உறையையும் கொடுத்துவிட்டு எதில் படுப்பான்? குளிர்காலக் கோட்டை இப்போது எதற்குத் துவைக்கிறான்? வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பக் கூடாதென்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், வெளுப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவள், இந்தக் கணக்கில் கோட்டைவிட்டாளே.

"அண்ணே, யாரு துவைச்சுக்கிட்டு ஊருக்குப் போறா?" என்றாள்.

அவள் கை தானாக மேல்கோட்டின் உள்பாக்கெட்டுக்குப் போனது. ஒரு பொட்டலம். அதில் மாத்திரைகள், இந்த முறை காலி அட்டை இல்லை.

அண்ணன் அதைப் பார்த்தார். வானொலியை அணைத்தார். பிறகு அந்தப் பதினோரு வருடக் கதையை இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

"நானும் ஒரு நாளு என் சட்டை எல்லாத்தையும் தேய்ச்சு வரிசையா மாட்டி வச்சேன். என் தங்கச்சி தற்செயலா வீட்டுக்கு வந்து, என்னண்ணே இன்னைக்கு இவ்வளவு சுத்தம்னு கேட்டா."

அக்கா அடுத்த கேள்வி கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த இரண்டு மெஷினையும் நிறுத்தினாள். பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, காலை பத்தரை மணிக்குச் சலவை அறையின் கதவைச் சாத்தினாள். மாணவர் விடுதிக்குள் பெண்கள் போகக் கூடாது, காவலாளி மறிப்பான், மறித்தால் அவனையும் சேர்த்துத் துவைத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

அதற்கு வேலை வரவில்லை. அறைக்கு வெளியே படியில் அவனே எதிரே வந்தான். வேகமாக நடந்து வந்ததில் வியர்த்திருந்தது. கோட்டில் ஒரு பொட்டலம் இருந்ததா என்று கேட்டான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"இருந்துச்சு. தர மாட்டேன்."

அவனுக்குப் புரியவில்லை. பாக்கெட் அக்கா ஒரு பொருளைத் தரமாட்டேன் என்று சொன்னதை அந்த விடுதியில் யாருமே கேட்டதில்லை. அது என்னுடையதுதானே என்றான். உன்னுடையதுதான் என்றாள். கொடுங்கள் என்றான். மாட்டேன் என்றாள். இப்படி இரண்டு தடவை போனது. கூடவே வந்திருந்த அண்ணன் அவனுக்குப் பின்னால் படியில் போய் நின்றுகொண்டார்.

அக்காவுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. கேட்டுவிட்டாள்.

"தம்பி, செத்துப்போயிடலாம்னு நினைக்கிறியா?"

அவன் அந்தப் படியிலேயே உட்கார்ந்தான். பிறகு அழ ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கையை வைத்துக்கொண்டாள். கையில் வேறு துணி இல்லாததால் கையோடு வந்துவிட்ட அவனுடைய சாக்ஸ் முடிச்சு ஒன்றையே முகம் துடைக்கக் கொடுத்தாள். துவைக்காதது. அவனும் துடைத்துக்கொண்டான்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். இரண்டு பருவத்தில் நான்கு பாடம் போய்விட்டது. வீட்டில் அவன் முதல் மாணவன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் நண்பர்களோடு குடித்தான், பிறகு தனியாக. குடித்தால் மறந்தது, விடிந்தால் இரண்டு மடங்காக வந்தது. இந்தத் திங்களன்று எல்லாம் முடிவானது போல மனசு லேசாகிவிட்டதாம். அந்த லேசைத்தான் அக்கா தெளிவு என்று நினைத்துப் பூரித்துப்போனாள்.

அவள் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. அவளுக்குத் தோன்றியதெல்லாம் அவளுடைய தொழில்தான்.

"உன் துணியை நான் துவைக்க மாட்டேன். ஊருக்குப் போறேன்னு சொன்னீல்ல, அழுக்காவே எடுத்துட்டுப் போ. எல்லாரும் அப்படித்தான் போறாங்க."

அழுகைக்கு நடுவே அவனுக்கு ஒரு சிரிப்பு வந்தது. மூக்கிலிருந்து வந்த அரைச் சிரிப்புதான். அக்காவுக்கு அது போதும்.

சலவை அறையைத் திறந்து மூட்டையை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் மாணவர் நல மையத்துக்கு நடந்தார்கள். மூட்டையை ஏன் தூக்கிக்கொண்டு போனோம் என்று இன்றுவரை இருவருக்கும் விளங்கவில்லை. முகப்பில் இருந்த எழுத்தர், ஆலோசகரைப் பார்க்க அடுத்த வெள்ளிக்கிழமைதான் இடம் இருக்கிறது, படிவத்தை நிரப்பிவிட்டுப் போகலாம் என்றார். அக்கா சரி என்றாள். மூட்டையை நடைபாதையின் நட்டநடுவில் இறக்கினாள், அதன் மேல் உட்கார்ந்தாள், அவனையும் பக்கத்தில் உட்கார வைத்தாள். அண்ணன் கதவோரமாக நின்றார். வெள்ளிக்கிழமை வரை இங்கேயே இருப்பதில் எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை, சாப்பாடு மட்டும் யாராவது வாங்கி வந்தால் நல்லது என்று எழுத்தரிடம் சொன்னாள். ஒன்றரை வருட அழுக்கு மேல்கோட்டின் வாசனை நடைபாதை முழுக்கப் பரவ ஐந்து நிமிடம்தான் ஆனது. ஆறாவது நிமிடம் ஆலோசகர் அம்மாவே எழுந்து வந்தார்.

வந்தவர் நல்ல மனுஷி. ஒரு பார்வையில் விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு. அவனை உள்ளே அழைத்துப் போனார். மருத்துவரை வரவழைத்தார். அக்கா இடுப்பிலிருந்த பொட்டலத்தை எடுத்து ஆலோசகரிடம் கொடுத்தாள். பதினெட்டு வருடத்தில் உரியவனிடம் சேராத முதல் பொட்டலம். கொடுக்கும் முன்பே பழக்க தோஷத்தில் மேலே இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தாள்.

அன்று முழுக்க அவன் தனியாக இல்லை. மறுநாள் அவன் சம்மதத்தோடு அழைக்கப்பட்ட பெற்றோர் வந்தார்கள். அப்பா வாசலிலேயே நின்று, பாடம் போனால் போகிறது, நீ எழுந்து வா என்று ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா மூட்டையைக் கண்டதும் குனிந்து முடிச்சை அவிழ்த்து, ஒரு சட்டையை முகர்ந்து பார்த்தாள். துவைக்கவில்லையா என்று அக்காவைக் கேட்டாள்.

"இல்லம்மா. அது உங்க வேலை," என்றாள் அக்கா.

அந்த அம்மாள் மூட்டையை வேறு யாரையும் தூக்க விடவில்லை.

எல்லாம் அதோடு சுபம் என்று சொன்னால் நான் பொய்யன். அவன் ஏழு மாதம் வரவில்லை. சிகிச்சை, மருந்து, ஆலோசனை என்று நாட்கள் போயின. நடுவில் ஒரு முறை மறுபடியும் குடித்துவிட்டான். அன்று அவனே அண்ணனுக்குத் தொலைபேசியில் அழைத்தான். அண்ணன் திட்டவில்லை, உபதேசமும் செய்யவில்லை, தான் விட்ட முதல் வருடத்தில் எத்தனை தடவை வழுக்கி விழுந்தேன் என்று எண்ணிச் சொன்னார். எண்ணிக்கை அதிகமாக இருந்ததால் இருவரும் சிரித்துவிட்டார்கள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசிக்கொள்வார்கள்.

சலவை அறையிலும் ஒரு மாற்றம் வந்தது. பாக்கெட்டில் இருந்தது பாக்கெட்டுக்காரனுக்கு என்ற சட்டம் அப்படியேதான் இருந்தது, ஆனால் இப்போது அக்கா கேட்டாள். மூடியோ மாத்திரை அட்டையோ கிடைத்தால், பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போது முகத்தைப் பார்த்து, நன்றாகத் தூங்குகிறாயா, யாரிடமாவது பேசுகிறாயா என்று கேட்டாள். பொட்டலத்தின் மேல் ஆலோசகர் அறையின் எண்ணையும் எழுதினாள். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று பெண்கள் விடுதிப் பிள்ளை ஒருத்தி முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டு, அதன் பிறகு துணி கொண்டு வருவதையே நிறுத்திவிட்டாள். அக்காவுக்கு வருத்தம்தான். ஆனாலும் கேட்பதை நிறுத்தவில்லை. இதுவும் என் வேலைதான் என்று அண்ணனிடம் சொன்னாள்.

வியாழக்கிழமைகள்தான் கஷ்டமாக இருந்தன. பிஸ்கட் டப்பாவை எடுத்துத் துடைப்பாள், மூடியை அமுக்கிப் பார்ப்பாள், திரும்ப வைப்பாள். அவன் வந்தால் அடுத்த மூட்டையில் சாக்ஸ் எப்படி வரும் என்ற பயம் அவளுக்குள் உட்கார்ந்திருந்தது. ஜோடி சாக்ஸைக் கண்டால் நெஞ்சு அடித்துக்கொண்டது. யாருடையதாக இருந்தாலும்.

ஏழு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, மதிய இடைவேளைக்குக் கதவைச் சாத்தும் நேரத்தில் அவன் வந்து நின்றான். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தான். அதே கண்ணாடி, அதே வாராத தலை. இரண்டாமாண்டை மறுபடியும் படிக்கிறான், இந்த முறை வீட்டுக்கு மதிப்பெண்ணை மறைக்கவில்லை என்றான். மூட்டையை மேசையில் வைத்துவிட்டு, நல மையத்தில் பதினைந்து நிமிடத்தில் இருக்க வேண்டும் என்று அவசரப்பட்டான்.

அக்கா அவனைப் போக விடவில்லை. நிற்க வைத்து, அவன் முன்னாலேயே மூட்டையைப் பிரித்தாள். முதலில் பாக்கெட்டுகள். ஒரு பென்சில், ஒரு பேருந்துச் சீட்டு, உருகிய மிட்டாய். பிறகு சட்டைகளுக்கு அடியில் கையை விட்டுச் சாக்ஸை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினாள். அண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. மூட்டையை உதறினாள். வேறு இல்லை.

"இன்னொன்னு எங்கடா?" என்றாள்.

அவன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"கட்டிலுக்கு அடியில இருக்கும்க்கா. அடுத்த வாரம் கண்டிப்பா கொண்டு வரேன்."

அவன் ஓடிவிட்டான். அக்கா அந்த ஏழு சாக்ஸையும் மறுபடி எண்ணினாள்.